பத்தொன்பது நிமிடம் ஓடிய கம்ப்ரசரும் என் 74 நாளும்

எனக்கு ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருஷமாகிறது, ஆனால் தோட்டத்து ஆள்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மலேசியாவில் வியாபாரத்துக்காக, பாமாயில் தரும் செம்பனையை முதன்முதலாக 1917ல் நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊர்ப் பக்கம்தான் இருக்கிறது. என் தாத்தா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை அறுத்தார். நான் பதினெட்டு வருஷமாகச் செம்பனை ஆலைகளில் பாய்லர், டர்பைன், பம்ப் என்று ரிப்பேர் வேலை செய்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொந்தமாகச் சின்னதாக ஒரு கம்பெனி பதிந்தேன். கம்பெனி என்றால் நான், ஒரு உதவியாள் தம்பி, ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு கேஸ் கம்ப்ரசரை முதல் ஓட்டத்துக்குத் தயார் செய்யும் வேலை கிடைத்தது. ஆலைக் கழிவுநீர்க் குளத்தைத் தார்பாய் போட்டு மூடி அதில் வரும் பயோகேஸைப் பிடிப்பார்கள். ஒரு கன மீட்டர் கழிவுநீரில் ஏறக்குறைய 28 கன மீட்டர் கேஸ் வரும், அதில் அறுபது சொச்சம் சதவீதம் மீத்தேன். கரியமில வாயுவையும் கந்தக வாயுவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட இயற்கை எரிவாயுதான். அதை 250 பாருக்கு (ஒரு பார் என்றால் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தி, லாரியில் அடுக்கிய சிலிண்டர்களில் ஏற்றித் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். அழுத்துகிற இயந்திரம், இயற்கை எரிவாயுவுக்கென்றே செய்த மூன்று கட்ட பிஸ்டன் கம்ப்ரசர். ஆறு பாரில் உள்ளே போகும், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று மடங்குக்குச் சற்று மேல் ஏறி 250ல் வெளியே வரும். தயாரிப்பாளரின் இஞ்சினியர் கடைசி இரண்டு நாள் மட்டும் வந்து பட்டனைத் தட்டுவார். அதற்கு முந்தைய வேலை முழுவதும் என் பொறுப்பு. பேசிய தொகை 24,500 வெள்ளி (ரிங்கிட்), நாள் கணக்கு 12. முடிந்தது 74வது நாளில். என் கையிலிருந்து போனது 24,000 வெள்ளிக்கு மேல். யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தப்பு இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நடந்தது. ஒப்பந்தத்தில் நான் விலையைப் பார்த்தேன், நாளைப் பார்த்தேன், ‘வேலைத்தளத்தில் பொருத்திய குழாய்களின் உட்சுத்தத்தை உறுதி செய்தல்’ என்ற ஒரு வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். குழாய் வேலையை வேறொரு குத்தகைக்காரர் செய்து முடித்திருந்தார். அவர் வேலை, அவர் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். தாளில் அப்படி இல்லை. கம்ப்ரசர் வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது குழாய் வரைபடத்தையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். எந்த ஃபிளேன்ஜ் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) வரை இயந்திரக் கம்பெனி, எந்த வெல்டிங் யாருடையது, எது சுத்தம் என்று யார் கண்ணால் பார்த்துச் சொல்வது, மூன்றையும் வெவ்வேறு நிறத்தில் கோடு போட்டுக் கேளுங்கள். கேட்டால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. அந்தக் கூச்சம் எனக்கு ரொம்பச் செலவு வைத்தது.

இயந்திரம் ஐந்து மாதமாகக் கொட்டகையில் கான்வாஸ் மூடிக் கிடந்தது. எங்கள் ஊர் ஈரம் தெரியுமே, ஒரு ராத்திரி வெளியில் கிடந்த ஸ்பேனரே பழுப்பு பிடிக்கும். கிராங்க்கேஸ், அதாவது இயந்திரத்தின் எண்ணெய் நிற்கும் அடிப்பெட்டி, அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். துருத் தடுப்பு எண்ணெய் இன்னும் பூசினபடியே இருந்தது, நல்லவேளை. அதை முழுக்க வடித்துத் துடைத்துவிட்டுத்தான் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். துடைக்க நூல் பிரியாத துணி மட்டும் எடுங்கள். பழைய பனியன் துணியின் நூல் ஒன்று எண்ணெய் வழியில் போய் உட்கார்ந்தாலே பேரிங் போய்விடும்.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பிஸ்டன் ராடைச் சுற்றிக் கேஸை அடைத்துப் பிடிக்கிற வளையங்களில் (பேக்கிங்) கசிகிற கேஸை வெளியே கூரைக்கு மேல் கொண்டுபோக ஒரு சின்னக் குழாய் உண்டு, அரை இஞ்சு அளவுதான் இருக்கும். நைட்ரஜன் வைத்து ஊதினேன், மறுபக்கம் காற்றே வரவில்லை. தம்பி கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, “அண்ணே, உள்ளே மண்ணு இருக்குண்ணே” என்றான். குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு கம்பியை விட்டுக் குடைந்தோம், விரல் நீளத்துக்குக் காய்ந்த மண்ணும் அதற்குள் இரண்டு செத்த புழுவும் விழுந்தன. அப்படியே ஓட்டியிருந்தால் கசிகிற மீத்தேனுக்குப் போக்கிடம் இல்லாமல் கிராங்க்கேஸுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். எங்கள் மாதிரித் தோட்ட ஊர்களில் திறந்து கிடக்கும் எந்தக் குழாயையும் சும்மா நம்பாதீர்கள். குழாய் வந்து இறங்கிய அன்றைக்கே வாய்க்குத் தகடு அடித்து மூடுங்கள். பிளாஸ்டிக் பையும் டேப்பும் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

அடுத்த நான்கு நாள் நன்றாகத்தான் போனது. இயந்திரத்துக்கு அடியில் ஊற்றிய சிமெண்ட் கலவையை (கிரவுட்) சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வருகிறதா என்று கேட்டோம். ஒவ்வொரு அடிபோல்ட்டையும் ஒன்று மாற்றி ஒன்று தளர்த்தி, டயல் இண்டிகேட்டரில் கால் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தோம். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பிய இடத்தில் ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்தோம். மோட்டாரையும் கம்ப்ரசரையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் இரண்டு விநாடி தட்டி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்தோம், பிறகுதான் கப்ளிங்கைப் பூட்டி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தோம். பிஸ்டன் முன்னும் பின்னும் போகும்போது சிலிண்டர் மூடியோடு இடிக்காமல் எவ்வளவு இடைவெளி என்று ஈயக்கம்பி வைத்து அளந்தோம். ஃப்ளைவீலில் கம்பி போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றினோம். இதையெல்லாம் பம்ப், டர்பைன் வேலையில் கற்றிருந்ததால் எனக்குத் தடுமாற்றம் இல்லை. அந்தத் தைரியமே பிறகு கண்ணை மறைத்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நான் கோட்டை விட்டது குழாயில். இந்த கம்ப்ரசரின் கூலர் (ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் கேஸைக் குளிர வைப்பது) தனிப் பெட்டியில் தனியாக வந்தது. அதனால் முதல் கட்டத்திலிருந்து கூலருக்குப் போய் இரண்டாம் கட்டத்துக்குத் திரும்புகிற குழாய்களை வேலைத்தளத்தில் வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். நானோ கம்ப்ரசருக்குள் கேஸ் நுழைகிற முதல் வாயில் மட்டும் கூம்பு ஸ்டிரெய்னர் (வடிகட்டி) போட்டேன். நடுக் குழாய்களெல்லாம் தொழிற்சாலையிலிருந்து சுத்தமாக வந்தவை என்று என் மனதில் ஒரு கணக்கு. குழாய் குத்தகைக்காரர் ‘ஊதிச் சுத்தம் செய்தாகிவிட்டது’ என்று ஒரு தாளை நீட்டினார். மதியம் மூன்று மணி, வெயில், அடுத்த வாரம் தீபாவளி. திறந்து காட்டுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பன்னிரண்டு போல்ட்டைக் கழற்ற அரை மணி நேரம் ஆகும். நான் கையெழுத்துப் போட்டேன்.

இஞ்சினியர் வந்தார். நைட்ரஜன் விட்டு ஆக்சிஜனை விரட்டி, மீட்டர் பார்த்து, கேஸை உள்ளே விட்டோம். பைபாஸ் (கேஸைத் திரும்ப உள்வாயிலுக்கே விடுகிற வழி) முழுக்கத் திறந்து பாரம் இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டினோம். நிறுத்தினோம். உடனே கிராங்க்கேஸைத் திறக்கக் கூடாது, சூட்டில் எண்ணெய் ஆவி இருக்கும், காற்று பட்டால் பற்றிக்கொள்ளலாம். கால் மணி நேரத்துக்கு மேல் பொறுத்துத் திறந்து பேரிங் சூடு பார்த்தோம். சரியாக இருந்தது. அப்புறம் அரை மணி நேரம் ஓட்டம், அதுவும் சரி. எனக்குள் ஒரு நிம்மதி வந்தது, வீட்டுக்குப் போன் போட்டு “ஓடிடுச்சு” என்றுகூடச் சொன்னேன். பிறகு பைபாஸை மெல்ல மூடிப் பாரம் ஏற்றினோம். பத்தொன்பதாவது நிமிடம் முதல் கட்டத்தின் வெளியேறும் அழுத்தம் இருக்க வேண்டியதைவிட மேலே ஏறியது, இரண்டாம் கட்டச் சூடு 105லிருந்து 140க்குத் தாவியது. டக், டக் என்று ஒரு சத்தம். இஞ்சினியர் நிறுத்து பட்டனை அடித்தார்.

அந்த இடத்தில் ஒரு பாடம் கற்றேன், இது பணத்துக்குக் கிடைக்காது. இயந்திரம் நின்றவுடன் இஞ்சினியர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ஒவ்வொரு வால்வு மூடியின் சூட்டையும் அளந்தார். கேஸ் உள்ளே வருகிற வால்வின் மூடி எப்போதும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் வழியே போவது குளிர்ந்த கேஸ்தான். இரண்டாம் கட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு மூடி பக்கத்து மூடியைவிட நாற்பது டிகிரி சூடு. வால்வு உடைந்து, அழுத்திய சூடான கேஸ் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. திறக்காமலே இடம் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் அழுத்தம் இறக்கி, நைட்ரஜன் ஓட்டி, யாரும் தெரியாமல் ஓட்டிவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத் திறந்தோம். வால்வுத் தகடு இரண்டாகப் பிளந்திருந்தது. அதன் பள்ளத்தில் கடுகு அளவில் கறுப்பு மணிகள், வெல்டிங் கசடு. சிலிண்டர் சுவரில் நீளவாக்கில் கோடுகள். நகத்தை வைத்துக் குறுக்கே இழுத்தேன், ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டியது. நகம் தட்டினால் துடைத்துப் போக்குகிற கீறல் இல்லை அது. பக்கத்தில் நின்ற ஆலை ஃபோர்மேன், என் அப்பா வயதுப் பெரியவர், எதுவும் சொல்லாமல் தோளில் கை வைத்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தத் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம், ஆனால் எனக்கு அந்த நாள் எதுவுமே நினைவில் இல்லை.

போனோடு இணைக்கிற குழாய்க் கேமரா ஒன்றை 180 வெள்ளிக்கு வாங்கி நடுக் குழாய்க்குள் விட்டேன். முதல் வளைவிலேயே கசடு முத்து முத்தாக ஒட்டியிருந்தது, அதற்கு அப்பால் நாலு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெல்டிங் ராட் துண்டு கிடந்தது. அந்த 180 வெள்ளியைக் கையெழுத்துக்கு முந்தின நாள் செலவு செய்திருக்கலாம். வால்வு செட், ரிங், பேக்கிங், சிலிண்டர் ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சமமாக்குவது), எல்லாம் சேர்த்து 41,300 வெள்ளி. ஹோனிங் கிள்ளானில் ஒரு பட்டறையில் முடிந்தது. பாகங்கள் கடல் தாண்டி வர ஏழு வாரம். வேலைத்தளத்து அழுக்கால் வந்த சேதத்துக்கு வாரண்டி இல்லை என்று கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசியதில் என் பங்கு 17,800 என்று முடிவானது, குழாய்க்காரரும் ஆலையும் மீதி. தம்பி சம்பளம், இரண்டாம் முறை நைட்ரஜன் என்று மேலும் 6,400. மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, கழற்றி மேசையில் வைத்தாள்.

இரண்டாம் முறை எல்லாக் குழாய்த் துண்டுகளையும் கழற்றினோம். எடுத்தவுடன் ஊதினால் போதாது, ஒட்டியிருக்கிற கசடு ஊதினால் வராது, இயந்திர அதிர்வில்தான் உதிரும். உள்ளே கம்பி பிரஷ் இழுத்து, அமிலக் கழுவல் செய்து, அமிலத்தை முறித்து, காயவைத்து, லேசாக எண்ணெய் பூசி, இரண்டு பக்கமும் தகடு அடித்து மூடினோம். கேமராவை விட்டு ஒவ்வொரு துண்டையும் வீடியோ எடுத்தேன், துண்டின் எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் படத்தில் தெரியும்படி வைத்தேன். புதிதாக வெல்டிங் போட வேண்டிய இரண்டு இடத்தில் முதல் அடுக்கை ஆர்கன் வெல்டிங்கில் போடச் சொன்னேன், அதில் உள்ளே கசடு விழாது. இந்தத் தடவை மூன்று கட்டத்தின் வாயிலும் ஸ்டிரெய்னர். ஸ்டிரெய்னருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் கட்டாயம், அடைத்துக்கொண்டால் அதில்தான் தெரியும். அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் ஸ்டிரெய்னரே கிழிந்து உள்ளே போய்விடும்.

சிலிண்டருக்கு எண்ணெய் சொட்டுகிற லூப்ரிகேட்டர் குழாய்களையும் இந்தத் தடவைதான் ஒழுங்காகப் பார்த்தேன். பென்சில் தடிமன் குழாய்கள். சிலிண்டர் முனையில் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பால் அடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் ஒரு சொட்டு எண்ணெய், அதன் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு குமிழி. அந்தக் குமிழி இல்லாமல் சொட்டு முழுசாகத் தேன் நிறத்தில் தொங்கும் வரை அடித்துவிட்டுத்தான் நட்டை இறுக்க வேண்டும். மூன்றாம் கட்டப் பேக்கிங்குக்குப் போகிற குழாயில் இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. முதல் தடவை நான் மொத்தக் குழாய்க்கும் சேர்த்தே அவ்வளவு நேரம் செலவிடவில்லை. பேக்கிங் எண்ணெயில்லாமல் ஓடியதற்கான அடையாளம் கழற்றியபோது ராடில் தெரிந்தது.

வால்வைத் திரும்ப மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றி மாட்டினால் கேஸ் போக வழியில்லாமல் சிலிண்டரே சிதறலாம். மாட்டுவதற்கு முன் மர முனையால் தகட்டைத் தள்ளிப் பாருங்கள். உள்ளே விடும் வால்வு வெளிப்பக்கமிருந்து தள்ளினால் அசையும், வெளியே விடும் வால்வு சிலிண்டர் பக்கமிருந்து தள்ளினால் அசையும். நானும் தம்பியும் தனித்தனியாகத் தள்ளிப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

தானே நிற்கிற பாதுகாப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம்: எண்ணெய் அழுத்தம் குறைந்தால், சூடு கூடினால், அதிர்வு கூடினால், ஸ்கிரப்பரில் (கேஸிலிருந்து ஈரத்தைப் பிரிக்கும் கலன்) தண்ணீர் ஏறினால். கம்ப்யூட்டர் திரையில் எண்ணை மாற்றி ‘டிரிப் ஆகிறது’ என்று எழுதிக்கொள்வது சோதனை ஆகாது. இரண்டாம் ஸ்கிரப்பரில் நிஜமாகவே தண்ணீர் ஊற்றினோம். திரையில் மூன்றாம் ஸ்கிரப்பர் என்று விளக்கு எரிந்தது. இரண்டு ஒயரும் மாறியிருந்தன. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதை அழுத்த முடியாது, ராட் வளையும் அல்லது மூடி பறக்கும். அந்த ஒரு வாளித் தண்ணீர் எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

இடையில் ஒருவர், கேஸ் வீணாகிறதே, காற்றிலேயே பாரம் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றார். சம்மதிக்காதீர்கள். சூடான எண்ணெய் ஆவியும் அழுத்திய காற்றும் சேர்ந்தால் டீசல் இஞ்சின் மாதிரி தானே வெடிக்கும். நைட்ரஜன் விஷயத்திலும் ஒன்று. அதற்கு மணம் கிடையாது, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, நேரே மயக்கம்தான். ஸ்கிரப்பருக்குள் தலையை விட்டு எட்டிப் பார்க்கப் போன தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அன்று நான் கத்தின கத்தலுக்குச் சாயந்திரம் அவனிடம் போய்ப் பேசினேன்.

தாள் வேலையையும் விடாதீர்கள். அழுத்தக் கலன்களுக்கு ஜேகேகேபி, அதாவது அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா, கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 1967ஆம் வருஷத்து இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டு, இப்போது எல்லாம் 1994 தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பழைய படிவம் வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். சேஃப்டி வால்வு ஒவ்வொன்றிலும் தொங்குகிற தகட்டின் தேதியையும் அழுத்த எண்ணையும் சான்றிதழோடு ஒப்பிட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

எழுபத்து மூன்றாம் நாள் திரும்ப ஓட்டினோம். பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி, பிறகு கால் கால் பங்காகப் பாரம். ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் நானே பேனாவால் நோட்டில் எழுதினேன், எல்லா வால்வு மூடிச் சூடும் உட்பட. மறுநாள் இருபத்து நான்கு மணி நேரம் ஆனதும் நிறுத்தி, சூட்டோடு போல்ட்டுகளை மறுபடி இறுக்கினோம், ஸ்டிரெய்னர்களைக் கழற்றினோம். இரண்டாம் கட்ட ஸ்டிரெய்னரில், அவ்வளவு கழுவியும், அரிசி அளவில் இரண்டு கசடு. தம்பி அதை ஒரு மைலோ டின்னில் போட்டு மூடி ஹைலக்ஸ் டேஷ்போர்டில் வைத்தான். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது ஒன்றும் இல்லை. போன மாதம் சங்கிலியை மீட்டாகிவிட்டது. அடுத்த கம்ப்ரசர் வேலைக்கு விலை கேட்டிருக்கிறார்கள், நான் 12 நாள் என்று எழுதவில்லை, 30 நாள் என்று எழுதி, குழாய் வரைபடத்தில் மூன்று நிறத்தில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறேன்.